டின் குலுக்கியதை விட்ட கதை

பாடசாலையில் காசு சேர்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பால்மா டின் மூடியில் ஓட்டை போட்டு வகுப்புக்கு ஒன்று கொடுத்து, எந்த வகுப்பு கூடச் சேர்க்குது பார்ப்போம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், பிள்ளைகள் வீட்டில் ஆளை இருக்க விடமாட்டார்கள். முதல் வருடம் நாங்களும் அதைத்தான் செய்தோம்.

சேர்த்தது ஒரு சின்ன மருத்துவ உதவிக் குழுவுக்கு. யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்கு முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கமிருந்து வருகிறவர்களின் பஸ் காசு, வெளியில் வாங்கச் சொல்லும் மருந்து, கூட நிற்பவரின் சாப்பாடு எல்லாம் அவர்கள்தான் பார்க்கிறார்கள். சிகிச்சை இலவசம்தான், ஆனால் கதிர்வீச்சுக்கு வாரக்கணக்கில் வந்துபோக வேண்டி வந்தால் பஸ் காசே ஒரு குடும்பத்தைச் சாய்த்துவிடும். அந்த வைத்தியசாலைக்கே ஊர் ஊராய் நடந்துதான் காசு சேர்த்தார்கள், 2011 யூலையில், இலங்கையின் தென்கோடித் தெய்வேந்திரமுனையில் இருந்து வடகோடிப் பருத்தித்துறை வரை 27 நாள், 670 கிலோமீற்றர். இதைச் சொன்னதும் பிள்ளைகளுக்கும் நடைபவனி வேண்டுமாம். அதிபர் வெயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டின்னே போதும் என்று முடிந்தது.

பிழை விட்டது நான்தான். ஒவ்வொரு வெள்ளியும் எந்த வகுப்பு எவ்வளவு என்று கரும்பலகையில் எழுதினேன். மூன்றாம் வாரம் தரம் 8 பெடியன் ஒருவன் இரண்டு நாளாக வரவில்லை. காய்ச்சலாக்கும் என்று நினைத்தேன். வகுப்புத் தலைவி ஆளுக்கு 100 ரூபா என்று கொப்பியில் பெயர் போட்டு வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. "அம்மாட்டைக் கேக்க ஏலாது மிஸ்" என்றான், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. அவனுடைய அம்மம்மாவே அந்தக் குழுவின் காசில் தெல்லிப்பழைக்குப் போய்வருகிறவர் என்பதை அவன் சொல்லவில்லை, பக்கத்தில் நின்றவன் சொன்னான்.

அன்றைக்கே பலகையை அழித்தேன். அழித்தால் போதுமா, அது வேறு கதை.

அடுத்த வருடம் காசு கொண்டுவரக் கூடாது, கையைக் கொண்டுவந்தால் போதும் என்றோம். ஆவணி மாதம், வளவுகளில் பனங்காய் சும்மா விழுந்து கிடக்கிற நேரம். காலையில் பொறுக்கிக்கொண்டு வந்து, தோல் உரித்து, தும்போடு பிசைந்து, துணியில் வடித்து, காறல் போகக் காய்ச்சி, சீனியும் மாவும் சேர்த்து எண்ணெயில் விட்டால் பணியாரம். அடுப்புப் பக்கம் பிள்ளைகளை விடவில்லை, அது அம்மாமாரின் வேலை. போன வருடம் வராமல் நின்ற அந்தப் பெடியன்தான் வாசலில் நின்று 20 ரூபா, 20 ரூபா என்று கூவினான், பழைய மாணவர் ஒருவர் மிச்சக் காசு கேட்டபோது உண்டியலைக் காட்டிய துணிச்சலை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

எண்ணெய்க் காசு போக மிஞ்சியது டின்னில் சேர்ந்ததைவிடக் குறைவு. குழுவுக்கு அதைச் சொல்லித்தான் கொடுத்தேன். திரும்பக் கேட்டாலும் டின்னுக்குப் போகமாட்டேன்.

வகுப்புத் தலைவிக்கு மட்டும் ஒரு முறைப்பாடு. "அடுத்த முறை பிசையிற வேலையைப் பத்தாம் ஆண்டுக்குக் குடுங்கோ மிஸ், மூண்டு நாளாக் கையில மஞ்சள் போகேல்லை."