தனதான தந்தனத் தனதான: பழநிப் படிகளில் அத்தையோடு

பழநிக்குச் சென்றால் முதலில் அடிவாரத்துத் திருவாவினன்குடியில் வணங்கிவிட்டுத்தான் மலையேற வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். இந்த முறை அத்தையுடன் சென்றேன். அத்தைக்கு எதுகை, மோனை என்ற பெயர்களில் ஈடுபாடு இல்லை. ஆனால் திருப்புகழில் ஐம்பது பாடல்களுக்கு மேல் ஏடு பார்க்காமல் பாடுவார். நானோ யாப்பிலக்கணத்தைப் படித்தவன். பாடல்களைத் தாளில் பார்த்தே பழகியவன்.

அந்தத் தலத்தின் பெயரே ஒலியைப் பிரித்துப் பொருள் காணக் கற்றுத் தருகிறது. திருமகள், காமதேனுவாகிய ஆ, இனன் என்னும் சூரியன், கு என்னும் நிலமகள், டி என்னும் அக்கினி ஆகியோர் வழிபட்டதால் திரு ஆ இனன் கு டி என்றாயிற்று என்று தலபுராணம் சொல்லும். மலையின் பெயரும் அப்படியே: ஞானப்பழம் கிடைக்காமல் கோபித்து வந்த பிள்ளையிடம் ‘பழம் நீ’ என்று சொன்ன சொல்லே பழநி ஆயிற்று என்பார்கள். சங்கத் தொகுப்பில் உள்ள திருமுருகாற்றுப்படை இவ்வூரை ‘ஆவினன்குடி’ என்றே குறிக்கிறது.

மயில்மேல் அமர்ந்த குழந்தை வேலாயுதசுவாமியின் முன்னால் நின்று அத்தை பாடத் தொடங்கினார்.

“அபகார நிந்தைபட் டுழலாதே
அறியாத வஞ்சரைக் குறியாதே
உபதேச மந்திரப் பொருளாலே
உனைநானி னைந்தருட் பெறுவேனோ”

15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் இத்தலத்திற்கென்றே பாடியது இது. சிறுவயதில் நான் இதை ‘உபகார நிந்தை’ என்று பாடி, அத்தையிடம் திருத்தம் பெற்றிருக்கிறேன். அன்று அது வாய் தவறியது என்று மட்டுமே நினைத்தேன். சன்னிதியில் நின்று கேட்டபோதுதான், பாட்டு எந்த இடத்தில் என் வாயைத் தவற வைத்தது என்பது விளங்கியது. ‘அபகாரம்’ என்ற சொல்லைக் கேட்டதும் அதன் எதிர்ச்சொல்லாகிய ‘உபகாரம்’ நம் செவியில் தானே எழுந்து நிற்கிறது. மூன்றாம் அடி ‘உப’ என்று தொடங்கும்போது மனம் உபகாரத்தை எதிர்பார்க்கிறது. வந்து சேர்வதோ ‘உபதேசம்’. பிறர் செய்த தீங்குக்கு மருந்தாக நாம் எதிர்பார்ப்பது உதவி. அருணகிரியார் கேட்பது மந்திரப் பொருள். இந்தத் திருப்பத்தை எந்தச் சொல்லும் எடுத்துச் சொல்லவில்லை; இரண்டாம் எழுத்தாக நிற்கும் அந்தப் பகரம் மட்டுமே சொல்கிறது. அடுத்து, யானைமுகனுக்கு இளையவனே என்று அழைக்கும் இடத்தில் ‘இபமாமுகன்’ வருகிறது. இபம் என்றால் யானை. எதுகை கேட்டதால் வந்த அரிய சொல்தான் அது. ஆயினும் அது ஓசையை நிரப்புவதோடு நின்றுவிடவில்லை. அடுத்து வரப்போகும் ‘ஜெபமாலை’க்குப் படியாக அமைகிறது. அபகாரத்தில் கிடந்த மனம் உபதேசத்தைக் கேட்டு, இபமாமுகனின் தம்பியை அழைத்து, ஜெபமாலையைக் கையில் பெறுகிறது. பழநியாண்டவர் அருணகிரியாருக்கு ஜெபமாலை தந்தருளினார் என்ற மரபுக்குச் சான்றாகக் காட்டப்படும் அடியும் இதுவே.

கடைசி இரண்டு அடிகளில் மட்டும் எனக்கு ஒரு குறை தட்டியது. அபகார–அறியாத, உபதேச–உனை, இபமாமுகன்–இமவான் என்று இரண்டிரண்டு அடிகள் மோனையால் கைகோத்து வர, ‘ஜெபமாலை தந்தசற் குருநாதா, திருவாவி னன்குடிப் பெருமாளே’ என்ற இணை மட்டும் விலகி நிற்பதாகத் தோன்றியது. அந்த எண்ணத்துடனேயே படியேறத் தொடங்கினேன்.

மலைக்கு 693 படிகள். வின்ச்சும் ரோப்காரும் இருந்தும், கால் இருக்கும்வரை படிதான் என்பது அத்தையின் உறுதி. பாத விநாயகரை வணங்கிவிட்டு, ‘நாத விந்துகலாதீ நமோநம’ என்று மெல்லிய குரலில் எடுத்தார். அதுவும் ஆவினன்குடிப் பாடல்தான். அதற்கான சந்தக் குழிப்பு, அதாவது ஓசை அளவைக் காட்டும் வாய்பாடு, ‘தான தந்தன தானா தனாதன’. ‘தந்த’ என்று வரும் இடத்தில் ஒரு மெல்லின ஒற்றும் அதைத் தொட்டு ஒரு வல்லினமும் வந்தே ஆக வேண்டும். விந்து, மந்த்ர, பண்டித, சம்பு, அந்தரி, பந்த, தண்ட, கிண்கிணி, சம்ப்ரம, மங்கள, அம்பல, குஞ்சரி: பன்னிரண்டு விளிகளிலும் அந்த இடம் தவறவில்லை. அதற்கு முன் நிற்கும் நாத, வேத, ஞான, நாம, போக, நாக என்ற சொற்களெல்லாம் ஒரு நெடிலும் ஒரு குறிலும். நெடிலுக்கு ஓர் அடி ஊன்றி, குறிலுக்கு மறு காலைச் சேர்த்து, அத்தை அந்த அளவிலேயே ஏறிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியது எனக்குத்தான்.

“எப்படி அத்தை களைக்காம ஏறுறீங்க?”

“நமோநம சொல்லிப் பாரு கண்ணு. மகரம் வர்றப்போ உதடு மூடுது, மணி அடிச்சு ஓய்ஞ்ச மாதிரி உள்ளுக்குள்ளயே கேக்குது. அது அடங்கறதுக்குள்ள அடுத்த படி வந்துரும்.”

மெல்லெழுத்து மிகுந்தால் மெல்லிசை வண்ணம், வல்லெழுத்து மிகுந்தால் வல்லிசை வண்ணம் என்று தொல்காப்பியம் ஓசை வகைகளாகிய இருபது வண்ணங்களை வகுத்திருப்பதைப் பலமுறை படித்திருக்கிறேன். எழுத்து மிகும்போது உடம்பில் என்ன நிகழ்கிறது என்பதை அந்தப் படிக்கட்டில்தான் அறிந்தேன். விந்துவிலும் மங்களத்திலும் தட்டி எழும் ஒலியை, நகரமும் மகரமும் மட்டுமே கொண்ட ‘நமோநம’ ஏந்திக் கரைக்கிறது. வணக்கம் என்ற பொருளை அறியாத குழந்தைக்கும் அங்கே தலை தாழும் என்றே நம்புகிறேன்.

இதற்கு நேர்மாறானது ‘முத்தைத்தரு பத்தித் திருநகை’ என்னும் திருப்புகழ். தந்த போய் தத்த வந்துவிட்டது. ஒவ்வொரு சீரிலும் மூச்சு தடைபட்டுத் தடைபட்டுத் தெறிக்கிறது, ஏனெனில் அது போர்க்களத்தைக் கண்முன் நிறுத்தும் பாட்டு. அதில் முதுகூகை ஒன்று ‘குக்குக்குகு குக்குக் குகுகுகு’ என்று அலறும். அந்த அலறலே மறுநொடியில் ‘குத்திப்புதை புக்குப் பிடி’ என்று சொல்லாக மாறும். பறவையின் வெறும் குரல் எந்த இடத்தில் ஏவலாகிறது என்று கோடு கிழித்துக் காட்ட முடியாது. தமிழில் ஒலி பொருளாகும் நொடியை இவ்வளவு அருகிலிருந்து வேறெங்கும் நான் கேட்டதில்லை.

இடும்பன் சன்னிதியருகே சற்று இளைப்பாறினோம். காவடி எடுத்து வந்த குழுவினர் ‘அரோகரா’ என்று குரல் கொடுத்தபடி எங்களைக் கடந்தார்கள். அத்தை ‘அவனிதனிலே பிறந்து மதலையெனவே தவழ்ந்து’ என்று பாடினார். பிறந்து, தவழ்ந்து, நடந்து, மிகுந்து, புகன்று, வளர்ந்து என்று ஆறு வினையெச்சங்கள் குறில்களின் மேல் ஓட, ‘பதினாறாய்’ என்ற நெடில்களில் வந்து நிற்பதற்குள் பிள்ளைப்பருவம் முழுவதும் முடிந்துபோகிறது. அந்தப் பாட்டுக்கு மட்டும் அத்தையின் குரல் சிறிது கனத்தது, காரணம் கேட்கவில்லை.

மேலே நல்ல கூட்டம். தண்டாயுதபாணியின் முன் எங்களுக்குக் கிடைத்தது சில நொடிகளே. வேண்டிக்கொள்ள நினைத்த எதுவும் நினைவுக்கு வரவில்லை; ‘தீப மங்களஜோதீ நமோநம’ மட்டும் நாவில் இருந்தது.

இறங்கும்போது கால்கள் தாமாகவே ‘அபகார நிந்தை’யின் சந்தத்தில் ‘தனதான தந்தனத் தனதான’ என்று நடந்தன. பாதி வழியில், விட்டுப்போன அந்த மோனை நினைவுக்கு வந்தது. சகரமும் தகரமும் மோனைக்கு ஓரினம். இகரமும் எகரமும் அவ்வாறே. ஜகரத்தைச் சகரத்தின் இடத்தில் வைத்துப் பார்த்தால் ‘ஜெ’யும் ‘தி’யும் குறையின்றிப் பொருந்துகின்றன. ஜெபமாலையும் திருவாவினன்குடியும், தந்த பொருளும் தந்த இடமும், பிரியவே இல்லை. நின்று அத்தையிடம் சொன்னேன்.

“எனக்கு அது எப்பவும் சேர்ந்துதான் கண்ணு கேக்குது” என்றார் அத்தை. பிறகு ஆவினன்குடிக் கோபுரம் தெரிந்த பக்கமாகத் திரும்பி, “நீ இப்போ பாடு, நான் கேக்கறேன்” என்று படியின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.