மாநில விலங்கு, மாநிலப் பறவை: நோட்டைத் திருப்பிப் போட்டுப் படியுங்கள்

டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிப்பவர்கள் பலரும் மாநிலத்தின் பெயரை முதலில் வைத்து, அதன் விலங்கையும் பறவையையும் ஒப்பிக்கிறார்கள். பொருத்துக கேள்வி வந்ததும் தடுமாற்றம் தொடங்கிவிடும். ஒரே உயிரினம் பல மாநிலங்களுக்குச் சின்னமாக இருப்பதுதான் காரணம்.

அதனால் உயிரினத்தை இடப்பக்கம் எழுதுங்கள், மாநிலங்களை வலப்பக்கம். யானைக்கு எதிரே கர்நாடகம், கேரளம், ஜார்க்கண்ட். பனங்காடைக்கு எதிரே கர்நாடகம், தெலங்கானா, ஒடிசா. (பெயரில் ‘காடை’ இருந்தாலும் இது காடை இனமில்லை, சிறகு விரித்தால் நீலம் பளிச்சிடும் பறவை.) பெரிய இருவாச்சிக்கு எதிரே கேரளம், அருணாசலப் பிரதேசம். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்: ஹார்ன்பில் (இருவாச்சி) திருவிழா நடப்பது நாகாலாந்தில், ஆனால் அதன் மாநிலப் பறவை பிளித் டிராகோபன். பகிர்ந்த பெயர்களை முடித்துவிட்டால், மற்றவை தாமே நிற்கும்.

பழைய கைடை நம்பிப் படிப்பது அடுத்த ஆபத்து. தெலங்கானா பிரிந்த பின் ஆந்திரம் பனங்காடையை விட்டுப் பச்சைக்கிளிக்கு மாறியது. இமாச்சலம் மோனாலை விட்டு மேற்கத்திய டிராகோபனுக்கு மாறியது. மோனால் இப்போது உத்தராகண்டுக்கு. கருங்கழுத்துக் கொக்கு முன்பு ஜம்மு காஷ்மீரின் பறவை, 2021 முதல் லடாக்கின் பறவை. பதிப்பாண்டு பார்க்காமல் எந்தப் பட்டியலையும் மனப்பாடம் செய்யாதீர்கள்.

தமிழ்நாட்டுக்கு மட்டும் பெயரோடு நிறுத்தக் கூடாது. நம் மாநில விலங்கான வரையாட்டின் அறிவியல் பெயர் நீல்கிரிட்ராகஸ் ஹைலோகிரியஸ். அழியும் ஆபத்தில் உள்ள இனம். அக்டோபர் 7 வரையாடு தினம். கணக்கெடுப்பில் 2024-இல் 1,031, 2025-இல் 1,303. கேரளத்தையும் சேர்த்தால் 2025-இல் 2,668. கேள்வியில் ‘தமிழ்நாட்டில்’ என்று இருக்கிறதா, ‘மொத்தம்’ என்று இருக்கிறதா என்று இருமுறை வாசியுங்கள். ‘நீலகிரி தார்’ என்று அச்சடித்திருந்தாலும் வரையாடுதான். வடஇந்திய நீல்காய் மானோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நம் மாநிலப் பறவையான மரகதப்புறாவையும் மகாராஷ்டிரத்தின் மஞ்சள்கால் பச்சைப்புறாவையும் படம் பார்த்துப் பிரித்தறியுங்கள். நம்முடையதற்குச் சிறகும் முதுகும் மரகதப் பச்சை, அலகு பவளச் சிவப்பு, காட்டுத் தரையில் நடந்து இரை பொறுக்கும். வண்ணத்துப்பூச்சியை மாநிலச் சின்னமாக முதலில் அறிவித்த மாநிலம் மகாராஷ்டிரம், 2015-இல். நமது தமிழ் மறவன் 2019-இல் வந்தது. கேரளத்தின் புத்த மயூரி அதற்கு முந்தைய ஆண்டு.