போர்வெல் தண்ணீரில் காவேரி எவ்வளவு?

பெங்களூரில் ஒரு போர்வெல்லில் வருவதெல்லாம் அந்த இடத்து மழைநீர் என்று சொல்லிவிட முடியாது. சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவரும் காவேரி நீர் குழாய்களில் கசிந்து மண்ணுக்குள் இறங்குகிறது. சாக்கடைக் கசிவும் கூடவே சேர்கிறது. போர் தண்ணீரில் இதன் பங்கு எவ்வளவு என்பதை ஆக்சிஜன்-18, டியூட்டீரியம் என்ற இரண்டு நிலையான ஐசோடோப்புகளை (ஆக்சிஜன், ஹைட்ரஜன் அணுக்களின் கனமான வகைகளை) வைத்துக் கணக்கிடலாம்.

அடிப்படை எளியது. ஆவியாகும்போது லேசான மூலக்கூறு முந்திக்கொள்ளும், கனமானது பின்தங்கும். கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகளில் வெயிலில் கிடந்த நீரில் கனமானது கூடியிருக்கும். கனமானது எவ்வளவு என்பதைக் கடல்நீரோடு ஒப்பிட்டு ஆயிரத்தில் இத்தனை என்று சொல்வதுதான் இங்கே 'மதிப்பு'; மைனஸ் என்றால் கடல்நீரைவிட லேசானது. ஆக்சிஜன் மதிப்பைக் கிடையாகவும் டியூட்டீரிய மதிப்பை நெட்டாகவும் வரைந்தால், மழைநீர் பெரும்பாலும் புவி வேதியியலாளர் ஹார்மன் கிரெய்க் 1961-ல் காட்டிய கோட்டின் மேல் விழும்: டியூட்டீரிய மதிப்பு = 8 × ஆக்சிஜன் மதிப்பு + 10. ஆவியாகி மிஞ்சிய நீர் அந்தக் கோட்டுக்கு வலப்பக்கமாக, அதற்குக் கீழே விலகும்; அதன் சாய்வு 8 அல்ல, பெரும்பாலும் 4 முதல் 6. தென்னிந்தியாவில் வடகிழக்குப் பருவமழை பொதுவாகத் தென்மேற்குப் பருவமழையைவிட லேசானது என்பதும் நமக்கு உதவும்.

வேலை கெடுவது பெரும்பாலும் மாதிரி எடுக்கும் இடத்தில்தான். நம்ம ஊர் அபார்ட்மென்ட்களில் காவேரி, போர், டேங்கர் மூன்றும் ஒரே சம்பில் (தரைக்கடித் தொட்டியில்) விழும். அதனால் சம்பிலிருந்தோ மாடித் தொட்டியிலிருந்தோ எடுத்தால் அந்த மாதிரி வீண். சம்புக்கு முன்னால், போர் குழாய் வாயிலேயே பிடிக்க வேண்டும். ஆறரை அங்குல போரில் ஒரு மீட்டருக்குச் சுமார் 21 லிட்டர் நிற்கும். தினமும் ஓடாத போர் என்றால் இந்தத் தேங்கின நீர் வெளியேறும்வரை மோட்டாரை ஓட விடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மின்கடத்துதிறனும் வெப்பநிலையும் பாருங்கள். மூன்று அளவீடுகள் ஒட்டி வந்தால் பிடிக்கலாம்.

30 அல்லது 60 மில்லி எச்டிபிஇ (கெட்டியான ஒருவகை பிளாஸ்டிக்) பாட்டில் போதும். அதே நீரில் மூன்று முறை அலசி, விளிம்பு வழிய நிரப்பி, குமிழி இல்லாமல் மூடுங்கள். கவிழ்த்துப் பார்த்தால் குமிழி தெரிந்துவிடும். உள்ளே காற்று இருந்தால் அதற்குள் ஆவியாகும், மூடி தளர்ந்திருந்தால் அது வெளியேயும் போகும், மதிப்பு கனத்துவிடும். உலோகச் சோதனைக்குச் சேர்ப்பதுபோல் இதில் அமிலம் சேர்க்கக் கூடாது. மழைநீர் சேகரிக்கும்போது ஆவியாகாமல் இருக்கப் பாரஃபின் எண்ணெய் ஊற்றும் வழக்கம் உண்டு. ஆனால் எண்ணெய் துளி ஐசோடோப்பை அளக்கும் லேசர் கருவிக்குள் போனால் தொல்லை. புனல் குழாய் பாட்டிலின் அடிவரை போகும் வகைச் சேகரிப்பான்தான் என் தேர்வு.

லேசர் கருவியில் முந்தைய மாதிரியின் எச்சம் அடுத்ததில் ஒட்டும். ஆறேழு முறை செலுத்தி, முதல் மூன்று நான்கை விட்டுவிடுவார்கள். சாக்கடை கலந்த நீரில் ஆல்கஹால் போன்ற கரிமப் பொருள் இருந்தால் கருவி படிக்கும் நிறமாலையே தவறும். அதை ஆய்வகத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கணக்கு இப்படி. ஆக்சிஜன்-18 மதிப்பு காவேரி −2, உள்ளூர் மழை ஊறிய நீர் −4, உங்கள் போர் −3.4 என்று வைத்துக்கொள்வோம். (−3.4 + 4) ÷ (−2 + 4) = 0.3, அதாவது 30 சதவீதம் காவேரி. இரு முனைகளுக்கும் (கலக்கும் இரண்டு நீர்களுக்கும்) இடையே வித்தியாசம் 1 மட்டுமே இருந்து, ஒவ்வொரு மதிப்பிலும் 0.1 பிழை இருந்தால், விடையில் 12 முதல் 14 சதவீதப் புள்ளி ஆடும். வித்தியாசம் அதைவிடக் குறுகினால் பங்கு சொல்லாமல் இருப்பதே நேர்மை. குழாய் நீரின் மதிப்பும் பருவத்துக்குப் பருவம் மாறும். ஒரே ஒரு நாள் பிடித்த காவேரித் தண்ணீரை முனையாக வைக்காதீர்கள், மாதாமாதம் பிடியுங்கள்.

இந்த முறை எட்டாத இடம் ஒன்று உண்டு. சாக்கடையில் போவதும் பெரும்பாலும் நாம் புழங்கிய காவேரிதான். குளித்தாலும் துவைத்தாலும் ஐசோடோப்பு மதிப்பு பெரிதாக மாறாது. ஆகவே 30 சதவீதம் என்பது குழாய்க் கசிவா, சாக்கடைக் கசிவா என்று இது சொல்லாது. அதே பாட்டில்களோடு குளோரைடு, நைட்ரேட் சோதனைக்கும் தனியாக அரை லிட்டர் எடுங்கள். இரண்டும் ஏறியிருந்தால் சாக்கடையைச் சந்தேகிக்கலாம்.

மழையில்லாத மார்ச்சிலும் ஓடும் பெங்களூரின் விருஷபாவதி ஆற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதன் நீர் அர்க்காவதி வழியாகக் காவேரிக்கே திரும்புகிறது. அந்த ஆற்றின் வழியிலுள்ள பைரமங்கல ஏரிக்கு மேலும் கீழும் ஒரே நாளில் மாதிரி எடுத்தால்தான், ஏரியில் தேங்கி ஆவியானதன் தடத்தைத் தனியாகப் பிரிக்க முடியும்.