ஒன்பதாவது கேள்வி

நான் தையல்காரன். 30 வருஷமாக மெஷின் பெடலை மிதித்த வலது காலில், கட்டை விரலுக்கு அடியில் தோல் ஆணி மாதிரி தடித்திருந்தது. வலிக்கவில்லை, அதனால் கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் வீடு கூட்டும்போது மனைவிதான் கேட்டாள், "தரையெல்லாம் ரத்தமா இருக்கே, யாருக்கு?" எனக்குத்தான். சர்க்கரையால் பாதம் மரத்துப்போயிருந்தது. டாக்டர் நைலான் இழையால் 10 இடத்தில் தொட்டார். 3 இடத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

அப்புறம் 7 மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றினார்கள். காலை ஊன்றக் கூடாது, பெடல் மிதிக்கவே கூடாது. கடையைப் பூட்டினேன்.

புண்ணைவிட வாடைதான் என்னை ஒடுக்கியது. மடியில் ஏற வந்த பேரனைத் தள்ளிவிட்டேன். தங்கை மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. பார்க்க வந்தவர்கள், "வாயைக் கட்டியிருந்தா இப்படி ஆகுமா?" என்பார்கள். அடுத்து, யாருக்கோ காலை எடுத்த கதை. ராத்திரி போர்வைக்குள் கையை விட்டு விரல்களை எண்ணுவேன், அஞ்சும் இருக்கிறதா என்று.

எப்படியும் எடுக்கத்தானே போகிறார்கள் என்று இன்சுலினையும் விட்டேன். சர்க்கரை ஏறியது, புண் ஆறவில்லை. ஆறாத புண்ணைப் பார்க்கப் பார்க்க மனசு இன்னும் விட்டுப்போனது.

கட்டு மாற்றும் சிஸ்டர் ஒருநாள், "ஐயா, ராத்திரி தூங்குறீங்களா?" என்றார். அத்தனை மாதத்தில் என் காலைப் பற்றிக் கேட்காத முதல் ஆள். அழுதுவிட்டேன். அவர் சொல்லித்தான் டாக்டர் 9 கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்தார். தூக்கம், பசி, சோர்வு என்று போய், ஒன்பதாவது: செத்துப்போனால் தேவலை என்று கடந்த 2 வாரத்தில் எத்தனை நாள் தோன்றியது? பக்கத்தில் மனைவி. ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்துவிட்டு, 'ஏறக்குறைய தினமும்' என்பதில் டிக் போட்டேன். அவள் பார்த்துவிட்டாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோது என் கையை விடவே இல்லை.

மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். மாத்திரை பிடிக்கச் சில வாரம் ஆனது. பேசப் பேசத்தான் கொஞ்சம் மூச்சு வந்தது. இன்சுலினை மறுபடி ஒழுங்காகப் போட்டேன். வாராவாரம் புண்ணின் மேல் கண்ணாடித் தாளை வைத்து ஓரத்தை வரைவார்கள். அந்தத் தாள்களைக் கேட்டு வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பேன். துணி வெட்டுகிற கண்ணுக்கு அரை நூல் குறைந்தாலும் தெரியும். குறைந்துகொண்டே வந்தது.

இந்தக் கட்டத்தில் இருப்பவர்கள், கட்டு மாற்றப் போகும்போது மனசையும் சொல்லுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். நேரில் முடியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது, அரசாங்கத்தின் மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

புண் மூடிவிட்டது. ஆனால் ஆறியவர்களில் பத்தில் நாலு பேருக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்ப வருமாம். பயம் இருக்கிறது. மெஷினுக்கு மோட்டார் போட்டாயிற்று, காலுக்கு எம்சிஆர் என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு. தினமும் ராத்திரி பேரன் கண்ணாடியைப் பிடிக்க, உள்ளங்காலைப் பார்க்கிறேன்.