மாடித் தொட்டிக்கு ஒரு பிட் நினைவு

எங்கள் வீட்டு மாடியிலுள்ள 1000 லிட்டர் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைத் தானாக ஓடவும் நிற்கவும் வைக்கும் முயற்சியில் இது மூன்றாவது வாரம். நிரல் எழுதி இயக்கக்கூடிய ஓர் ஆர்டுயினோ ஊனோ மின்னணுப் பலகை, ஒலியை அனுப்பி எதிரொலியால் தூரத்தை அளக்கும் நீர் புகாத அல்ட்ராசோனிக் சென்சார், பலகையின் சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ஒரு ரிலே ஆகியவையே கருவிகள். ரிலே நேரடியாக மோட்டாரை இயக்குவதில்லை. ஸ்டார்ட்டரிலுள்ள காண்டாக்டரை, அதாவது மோட்டாரின் மின்சாரத்தைத் தாங்கும் பெரிய சுவிட்சை மட்டும் இயக்குகிறது. 230 வோல்ட் இணைப்பை மட்டும் எலக்ட்ரீசியனை அழைத்தே செய்தேன்.

பலகையின் நடுவிலுள்ள ஏடிமெகா328பி சில்லு, அளவில் சிறியதாயினும் முழுமையான ஒரு கணினி. 8 பிட் செயலி, நிரலுக்கு 32 கிலோபைட் ஃபிளாஷ், மின்சாரம் போனால் அழிந்துவிடும் 2 கிலோபைட் ராம் நினைவகம், மின்சாரம் போனாலும் அழியாத 1 கிலோபைட் ஈப்ராம் நினைவகம் ஆகிய எல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிட்டன. வாஷிங் மெஷினையும் மைக்ரோவேவ் அடுப்பையும் நடத்துவது இந்த வகைச் சில்லுதான்.

முதல் வாரம் அளவெடுப்பதிலேயே போயிற்று. ஒலி ஒரு சென்டிமீட்டர் போய்த் திரும்ப ஏறத்தாழ 58 மைக்ரோ நொடி ஆவதால், எதிரொலி வந்த நேரத்தை 58ஆல் வகுத்தால், மேலே உள்ள சென்சாரிலிருந்து நீர்மட்டம் எத்தனை செ.மீ. கீழே இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

சிக்கல் இரண்டாம் வாரத்தில் வந்தது. நீர்மட்டம் சென்சாரிலிருந்து 30 செ.மீ.க்குக் கீழே இறங்கினால் ஓடு, ஏறினால் நில் என்று ஒரே எல்லையை வைத்திருந்தேன். குழாயிலிருந்து விழும் தண்ணீர் எழுப்பிய அலையில் அளவு 29, 31, 29 என்று மாறிக்கொண்டே இருக்க, ரிலே நொடிக்கொரு முறை டக் டக்கென்று அடித்தது. உடனே மெயினை அணைத்துவிட்டு, 90 செ.மீ.க்குக் கீழே போனால் ஓட வேண்டும், 30 வரை ஏறினால் நிற்க வேண்டும், இடைப்பட்ட நிலையில் முன்பு செய்ததையே தொடர வேண்டும் என்று இரண்டு எல்லைகளாக மாற்றினேன்.

நினைவகம் எதற்கு என்பது எனக்கு உண்மையில் விளங்கியது அந்த மூன்றாவது விதியை எழுதியபோதுதான். சென்சார் 60 என்று சொன்னால், தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கிறதா, காலியாகிக்கொண்டிருக்கிறதா என்பதை அந்த எண்ணிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது. கடைசியாக எடுத்த முடிவு எங்கேனும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு பிட், அதாவது ‘ஓடு’ அல்லது ‘நில்’ என்பதைக் குறிக்கும் ஒரு 1 அல்லது 0 போதும்.

அந்தப் பிட் ராமில் இருந்தவரை, மின்வெட்டு வந்தால் அழிந்துபோனது. ஆகவே ஈப்ராமுக்கு மாற்றி, நொடிக்கொரு முறை எழுதும்படி நிரலை அமைத்தேன். அன்றிரவு சில்லின் தயாரிப்பாளர் தரும் தரவுத்தாளைப் படித்தபோது திடுக்கிட்டேன்: ஈப்ராமின் ஓர் இடத்தில் எழுதுவதற்கான உத்தரவாதம் 1,00,000 முறை மட்டுமே, ஒரு நாளைக்கு 86,400 நொடிகள். இரண்டாம் நாளே அந்தக் கணக்கு தீர்ந்திருக்கும். இப்போது முடிவு மாறும்போது மட்டும், அதாவது ஒரு நாளைக்கு நான்கைந்து முறை எழுதுகிறேன். அந்த வேகத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தாங்கும். புதிய சில்லில் இன்னும் எழுதப்படாத இடம் 255 என்று படிக்கப்படும் என்பதால், முதல் முறை மட்டும் அதை ‘நில்’ என்று கொள்ளும்படி ஒரு வரி சேர்த்தேன்.

நேற்று மாலை, நீர்மட்டம் 60இல் ஏறிக்கொண்டிருந்தபோது மெயினை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போட்டேன். பலகையின் விளக்கு எரிந்தது. ரிலே ஒரே ஒரு முறை அடித்தது. மோட்டார் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கீழ்த் தொட்டி வறண்டிருந்தால் மோட்டாரை நிறுத்தும் வேலை மட்டும் பாக்கி: பத்து நிமிடம் ஓடியும் மட்டம் உயராவிட்டால் நிறுத்திவிடும்படி அடுத்த வாரம் எழுத வேண்டும்.