இலையை விட்டுவிட்டுத் தண்ணீரை வரைந்தேன்

ஒரு தாமரைக் கண்மாயை வரைய எனக்கு ஒன்பது தாள்கள் ஆயின. எட்டு கெட்டுப்போயின. ஒன்பதாவதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். அந்த எட்டும் ஏன் கெட்டன என்பதை எழுதிவைத்தால், ஆசிரியர் இல்லாமல் நீர்வண்ணத்தில் இறங்கியிருக்கும் வேறு யாருக்காவது பயன்படும் என்று நம்புகிறேன்.

புதுக்கோட்டையில் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். தூரிகையைக் கையில் எடுத்தபோது எனக்கு வயது 34. வின்சென்ட் வான்கோ ஓவியராவது என்று முடிவெடுத்தது 27 வயதில். ஷார்ல் பார்க் என்ற பிரெஞ்சு ஓவியரின் பயிற்சிப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்துதான் அவர் கையைப் பழக்கினார். அதைப் படித்த நாளில் எனக்குப் பெரிய தைரியம் வந்தது. பார்த்து வரைய நல்ல படம் ஒன்று வேண்டும், அவ்வளவுதானே என்று தோன்றியது. அந்தப் படம் என் ஊரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தூரத்தில், ஒரு குகையின் விதானத்தில் இருக்கிறது.

சித்தன்னவாசல் அறிவர் கோயிலைச் சொல்கிறேன். பாண்டியர் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில் தீட்டிய தாமரைக் குளம். பூப் பறிக்கும் மனிதர்கள், யானை, எருமை, அன்னம், மீன் எல்லாம் இலைகளுக்கும் தண்டுகளுக்கும் நடுவே நிற்கின்றன. சிறிய குகை. நாலு பேர் சேர்ந்து வந்தாலே நோட்டை விரிக்க இடம் இருக்காது. அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். உள்ளே கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்ப்பேன். வெளியே வந்து நிழலில் உட்கார்ந்து, பார்த்ததை நினைவிலிருந்து வரைவேன். பிறகு மறுபடி உள்ளே போய் ஒப்பிடுவேன். எங்கே தப்பியிருக்கிறதோ அதைத்தான் நான் பார்க்கவே இல்லை என்று பொருள். முதல் நாள் எல்லா இலைகளையும் ஒரே மாதிரி வரைந்திருந்தேன். விதானத்திலோ இலைகள் பல விதமாகத் திரும்பியிருந்தன. இந்தப் பயிற்சியைப் போல எனக்கு வேறெதுவும் கற்றுக்கொடுக்கவில்லை.

போன வருடம் தை மாதம் எங்கள் பக்கத்துக் கண்மாய் நிரம்பியிருந்தது. அதிகாலையில் கரையில் உட்கார்ந்து முதல் தாளைத் தொடங்கினேன். இலை பச்சை என்று எல்லோருக்கும் தெரியும். ட்யூபிலிருந்த பச்சையை அப்படியே எடுத்துப் பூசினேன். தண்ணீருக்கு நீலம். பிளாஸ்டிக் பூ விற்கும் கடை போல ஆயிற்று. இரண்டாவது தாளில் பச்சையை மாற்றினேன், மூன்றாவதில் நீலத்தை மாற்றினேன். மூன்றும் ஒரே தவறு. நிறத்தைத் தேடிக்கொண்டிருந்தேனே தவிர, எது வெளிச்சம், எது இருட்டு என்று பார்க்கவில்லை.

நாலாவது தாளைத் தொடும் முன் வண்ணப் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு, வெறும் பென்சிலோடு ஒரு வாரம் போனேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் நிறம் மங்கி, வெளிச்சமும் நிழலும் மட்டும் நிற்கும். அப்படிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: காலை வெயிலில் தாமரை இலை கிட்டத்தட்ட வெள்ளை. அதன் மேலுள்ள மெழுகுப் பூச்சு வானத்தின் வெளிச்சத்தை வாங்கிச் சாம்பல் நீலமாகத் திருப்பித் தருகிறது. காற்றில் புரளும்போது தெரிகிற அடிப்பக்கம்தான் நிறம் கூடியது. கரையோரம் காலடியில் தண்ணீர் கறுத்திருக்கிறது. தூரம் போகப்போக அதே தண்ணீர் வானத்தின் நிறத்துக்கு மாறுகிறது. அப்படியானால் இந்தப் படத்தில் நான் வரைய வேண்டியது இலையை அல்ல. இலைகளுக்கு இடையே கிடக்கும் தண்ணீரை.

நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாள்தான். எங்கே பூசக்கூடாது என்பதை முதலிலேயே தீர்மானித்தாக வேண்டும். அல்ட்ராமரின் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கலந்தால் ஆழமான கருஞ்சாம்பல் கிடைக்கும். கறுப்பு ட்யூப் தேவையே இல்லை. அதை இலை விளிம்புகளைச் சுற்றி நிரப்பிக்கொண்டே போனேன். தொடாமல் விட்ட இடமெல்லாம் இலையாகி எழுந்தது. அந்த நிமிடத்தில் எனக்கு உண்டான மகிழ்ச்சியை வேறு எதனோடும் ஒப்பிட முடியவில்லை.

ஆனாலும் நாலாவதும் ஐந்தாவதும் கெட்டன. தூரத்து இலைகளையும் கிட்டத்து இலைகளையும் ஒரே வட்டமாகப் போட்டிருந்தேன். என் மகளின் வளையலைக் கண் மட்டத்துக்கு ஏற்றியும் இறக்கியும் பார்த்தேன். கீழே பிடித்தால் வட்டம், மேலே வர வர நீள்வட்டம், கண் மட்டத்தில் வெறும் கோடு. தூரத்து இலைகள் கோடுகளாகத்தான் இருக்க வேண்டும்.

ஆறாவது தாளைக் கெடுத்தது சித்திரை வெயில். தண்ணீர்ப் பூச்சு பரவுவதற்குள் காய்ந்து, விளிம்பு கட்டிவிட்டது. இப்போது தாளின் அடியில் ஈரத்துணி விரித்துக்கொள்கிறேன். காலை ஏழு மணிக்கு மேல் பெரிய பூச்சு எதையும் தொடங்குவதில்லை. தாளும் முக்கியம். 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாள் விலை கூடுதல்தான், ஆனால் காய்ந்த நிறத்தை ஈரத் தூரிகையால் தடவி எடுத்தாலும் தாங்குகிறது. மலிவுத் தாள் மேல்தோல் உரிந்து பஞ்சாகிவிட்டது.

பூவின் கதை தனி. சில வருடங்களுக்கு முன் வரைந்த ஒற்றைத் தாமரைப் படம் ஒன்று சன்னலுக்கு எதிரே மாட்டியிருந்தது. ஒரு நாள் பார்த்தால் பூ வெளுத்திருந்தது; இலை அப்படியே இருந்தது. பளிச்சென்ற இளஞ்சிவப்புகள் பல வெயிலில் நிற்பதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. என்னிடமிருந்த எல்லாச் சிவப்புகளையும் ஒரு தாளில் பட்டைகளாகப் பூசி, பாதியை அட்டையால் மூடி, சித்திரை முதல் புரட்டாசி வரை கிழக்குச் சன்னலில் ஒட்டிவைத்தேன். அட்டையை எடுத்தபோது இரண்டு பட்டைகள் ஏறக்குறையக் காணாமல் போயிருந்தன. ட்யூபின் பின்புறம் பி.வி. 19 என்று அச்சிட்டிருந்த ரோஸ் மட்டும் இரு பக்கமும் ஒன்றாக நின்றது. அன்று முதல் ட்யூபின் பெயரைப் பார்த்து வாங்குவதில்லை, நிறமி எண்ணைப் பார்த்து வாங்குகிறேன். சித்தன்னவாசலில் தீட்டியவர்கள் சுண்ணாம்பையும் கரியையும் காவி மண்ணையும் வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். சிதைவுகளுக்கு நடுவிலும் அந்தக் காவி இன்னும் நிற்கிறது. நிறம் நிற்குமா என்று கேட்பது ஓவியனின் கடமை என்று உறுதியாக நம்புகிறேன்.

ஏழும் எட்டும் இந்த வருடம் தையில் போட்டவை. அளவுக்கு மீறித் திருத்திச் சேறாக்கினேன். ஒன்பதாவதை மாசியில் மூன்று காலைகளில் முடித்தேன். முதல் காலை பென்சில் கோடும் வானத்தின் மெல்லிய பூச்சும். இரண்டாம் காலை தண்ணீர் மட்டும். மூன்றாம் காலை ஏழு பூக்கள், பாதி முழுகிய ஓர் எருமை. வலது கீழ் மூலையில் இன்னும் மூன்று இலைகள் வரைய இடமிருந்தது. தூரிகையைக் கழுவி வைத்துவிட்டேன்.

இப்போது பங்குனி. கண்மாயில் தண்ணீர் கரையை விட்டு உள்வாங்கிவிட்டது. இலைகள் ஓரம் கருகிச் சுருண்டு, தண்டுகள் சேற்றில் குத்திட்டு நிற்கின்றன. எல்லாம் எல்லோ ஓக்கர் என்ற மஞ்சள் காவியும் பர்ன்ட் சியன்னாவும்தான். பத்தாவது தாளைப் பலகையில் ஒட்டிக் காயவைத்திருக்கிறேன். நாளைக் காலை ஐந்து மணிக்குக் கரையில் இருக்க வேண்டும்.