வளையல் இல்லாமல்

பிப்ரவரி 11, 2025, செவ்வாய்
தைப்பூசம். விடியற்காலை நான்கரைக்கே வடபழனி கோயிலுக்குப் போய்விட்டோம். அதற்குள் அவ்வளவு கூட்டம். முகக்கவசம் போட்டிருந்தும் ஒரு அம்மா என் கண்ணை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். "எங்கள் வீட்டுப் பாப்பா, இப்படி வளர்ந்துவிட்டாயே!" என்று கன்னத்தைத் தடவினார். கை நடுங்கியது. ஒன்பது வயதில் நான் அழுத காட்சியை இன்னும் வசனத்தோடு சொல்கிறார். பின்னால் நின்ற ஒருவர் கேட்காமலே படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

முருகனிடம் ஒன்றுதான் கேட்டேன்.

பிப்ரவரி 13
படக்குழுவிடமிருந்து தகவல் இல்லை.

பிப்ரவரி 15, சனி
சாலிகிராமத்தில், நான் நடித்த புதுப் படத்துக்குக் குரல் பரிசோதனை. இருட்டு அறை, முன்னால் மைக், திரையில் என் முகம். முதல் வசனத்திலேயே ஒலிப்பதிவு அண்ணா நிறுத்தினார். "பாப்பா, வளையல் சத்தம் விழுகிறது, கழற்றிவிடு." கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அதன் பிறகு என் மூச்சுச் சத்தம்கூட எனக்குக் கேட்டது. ஒரே வசனம் பதினோரு முறை.

வெளியே இயக்குநர் அப்பாவிடம் மெதுவாகத்தான் சொன்னார். முகம் வளர்ந்துவிட்டதாம், குரல் இன்னும் குழந்தைதானாம். வேறு ஒருவரைப் பேச வைக்கலாமா என்று யோசிக்கிறாராம்.

'96' படத்தில் த்ரிஷாவுக்குச் சின்மயிதான் குரல் கொடுத்தார். அந்தக் குரலைக் கேட்டு நான் தேம்பி அழுதிருக்கிறேன். குரல் கொடுப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒன்பது வயதில் என் குரல் போதுமானதாக இருந்ததே. பதினேழில் எப்படிப் போதாமல் போகும்? இந்தப் படத்தில் வரும் அழுகை கிளிசரின் இல்லை. நானே அழுதது. அதில் இன்னொருவர் குரல் வந்தால் அழுதது யார்?

பிப்ரவரி 18
வங்கிக்குப் போனோம். 2017 விதிப்படி என் சம்பளத்தில் 20 சதவீதம் என் பெயரில் வைப்பு நிதியாகப் போடப்பட்டது. 18 முடிந்தால் என் கைக்கு வரும். ரசீதுகளை அப்பா பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருக்கிறார். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் குழந்தையை வேலை வாங்கக் கூடாது என்பதும் அதே விதிதான். அம்மா கடிகாரத்தோடு கேமராவுக்குப் பக்கத்தில் நிற்பார். அதனாலேயே இரண்டு பட வாய்ப்புகள் போயின. அம்மா ஒரு நாளும் வருந்தியதில்லை.

பிப்ரவரி 24, திங்கள்
ஸ்ரீதேவி மறைந்து இன்றோடு ஏழு வருடம். பாட்டி விளக்கேற்றினார். 'மூன்று முடிச்சு' வந்தபோது ஸ்ரீதேவிக்கு வயது 13. அதில் ரஜினிகாந்துக்குச் சித்தி! பாட்டி பெருமையாகத்தான் சொல்கிறார். எனக்கு நெஞ்சை அடைத்தது. பள்ளிக்கூடம் போகிறாயா என்று அவரிடம் யாராவது கேட்டிருப்பார்களா?

பிப்ரவரி 27
தாடையில் பரு. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் பார்த்தார்கள்.

மார்ச் 3, திங்கள்
தமிழ்த் தேர்வு. நுழைவுச்சீட்டில் என் பெயர் மட்டும் இருந்தது, முன்னால் 'பேபி' இல்லை. விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தேன். மூன்று மணி நேரம் யாரும் என்னைப் பார்க்கவில்லை. அவரவர் தாளை அவரவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நிம்மதி!

வெளியே வந்ததும் அப்பா கைப்பேசியை நீட்டினார். ஒலிப்பதிவு அண்ணா. "நாளைக் காலை ஏழு மணிக்கு இன்னொரு முறை பேசிப் பார்க்கலாம் என்கிறார் இயக்குநர். வளையல் போடாமல் வா."

மார்ச் 4
அம்மா வெந்நீரில் உப்புப் போட்டு வைத்திருக்கிறார். கார் வந்துவிட்டது.